மலைச் சரிவில் வீட்டைச் சீரமைக்கும் முன்: நீலகிரியில் கட்டட அனுமதியும் ஆய்வும், முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் பழைய வீட்டில் கைவைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கெல்லாம் பர்மிஷன் வேணுமா?" என்பதுதான். அதையும் பெரும்பாலும் மேஸ்திரியிடம் கேட்கிறார்கள். "சின்ன வேலைதாங்க, ஒண்ணும் தேவையில்ல" என்று அவர் சொல்லிவிடுவார். அவருக்கு வேலை தொடங்க வேண்டும். நாளை தடுப்புச் சுவர் சரிந்தாலும் நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பட்டாவில் பெயர் உள்ளவர்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தா ஆகிய ஆறு தாலுகாக்களிலும் சொந்த வீட்டைப் பழுதுபார்க்கவோ, ஓர் அறை கூட்டவோ, மேலே தளம் போடவோ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்கள் போக வேண்டிய அலுவலகங்கள் மட்டும் திண்டுக்கல் மாவட்டத்துடையவை.

இங்கே விதிகள் ஏன் இவ்வளவு கடுமை

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில், மழையே இல்லாத மாதத்தில், லவ்டேல் அருகே தடுப்புச் சுவர் வேலைக்காக மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் மண்ணோடு சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒரு வீட்டுக்கான தடுப்புச் சுவரை நாம் சின்ன வேலை என்றுதான் நினைக்கிறோம்.

சமவெளியில் அனுமதி என்றால் எல்லைக்கோடு, சாலை அகலம், பக்கத்து வீட்டுக்கு விட வேண்டிய இடம், இவ்வளவுதான் பேச்சு. மலையில் அவற்றுக்கு முன்னால் மண் வந்து நிற்கிறது. உங்கள் வீட்டின் பின்சுவருக்குப் பின்னால் இருக்கும் மண், மேல்வீட்டுக்காரரின் அடித்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வெட்டிப் போடும் மண், கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேல்தான் போய் நிற்கும். அதனால்தான் இங்கே வீட்டு வேலைக்கு வேளாண் பொறியியல் துறையும் புவியியல் சுரங்கத் துறையும் வனத்துறையும்கூடக் கருத்துச் சொல்கின்றன.

முதல் படி: நான்கு கேள்விகள்

உங்கள் வேலையைப் பற்றி இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். மண் வெட்டப்படுகிறதா, கொட்டப்படுகிறதா? வீட்டின் உயரம் கூடுகிறதா? வீடு நிற்கும் பரப்பு கூடுகிறதா? வீட்டின் பயன்பாடு மாறுகிறதா? நான்கில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அனுமதி வாங்காமல் கடப்பாரையைத் தொடக்கூடாது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது நான்குக்குள்ளும் ஒளிந்திருக்கும்: பாரம் தாங்கும் பாகம் எதையாவது மாற்றுகிறீர்களா? இங்கே இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மழைக்கு ஒழுகுகிறது என்று தகரக் கூரையையோ ஓடுகளையோ எடுத்துவிட்டு கான்கிரீட் போட நினைப்பதைப் பலரும் 'கூரை மாற்றுவது' என்றே சொல்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஐந்து அங்குல கான்கிரீட் தளம் போட்டால் அது மட்டுமே ஏறக்குறைய மூன்றரை டன். அதே அறையின் தகரக் கூரையும் சட்டமும் சேர்ந்து சில நூறு கிலோவைத் தாண்டாது. பழைய வீடுகளின் கல் சுவர்கள் பல மண்சாந்தில் கட்டியவை. தகரத்தைத் தாங்கக் கட்டிய சுவர் கான்கிரீட்டைத் தாங்கும் என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் இருப்பதுபோல வரிசை வீடுகள் என்றால் இடையில் உள்ளது பொதுச் சுவர். உங்கள் பாரம் பக்கத்து வீட்டுக்காரரின் சுவரிலும் இறங்குகிறது. அவரிடம் வாயால் கேட்டுக்கொண்டால் போதாது, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அனுமதி தேவைப்படாத வேலைகள்

வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு உதிர்ந்த இடத்தில் மறுபூச்சு, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, உடைந்த ஓடுகளையும் துருப்பிடித்த ஷீட்டையும் அதே உயரத்தில் அதே சட்டத்தில் மாற்றுவது, பாரம் தாங்காத தடுப்புகள், உள்கதவு, ஜன்னல் மாற்றுவது போன்றவை சாதாரணப் பராமரிப்பு. இவற்றுக்குத் தனி அனுமதி கேட்பதில்லை.

இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். வேலை தொடங்கும் முன் வீட்டின் நான்கு பக்கமும் கூரையும் தெரிய, தேதி பதியும்படி படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் யாராவது புகார் கொடுத்து, புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால், முன்பு இருந்த உயரமும் பரப்பும் இதுதான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. சாரம் கட்டி, ஜல்லி மணல் இறக்கினாலே ஆய்வுக்கு ஆள் வரும் ஊர் இது. பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் 'பழுதுபார்ப்பு மட்டும் செய்கிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்தால் நிம்மதி.

இரண்டாம் படி: உங்கள் நிலம் எந்த வகை, யாருடைய எல்லையில்

ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் போன்ற நகராட்சிகளில் நகராட்சி ஆணையர் அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவு. கேத்தி, ஜெகதளா, உலிக்கல், அதிகரட்டி போன்ற இடங்களில் பேரூராட்சி செயல் அலுவலர். கிராமப் பகுதியில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலகமும். வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வீடு இருந்தால் இவை எதுவும் இல்லை. அங்கே 2006ஆம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டத்தின்படி கன்டோன்மென்ட் போர்டுதான். அதற்கு ஒரு தெரு தள்ளி இருப்பவர் குன்னூர் நகராட்சிக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே அண்டை வீட்டுக்காரர் போன அலுவலகத்துக்கே போகாமல், உங்கள் வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து நிலத்தின் தன்மை. 1990ஆம் ஆண்டு அரசாணைவழி மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டு, அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மலைக் கிராமங்கள் பட்டியலிடப்பட்டன. அலுவலகங்களில் இதை 'ஹாக்கா' என்றே சொல்வார்கள். உங்கள் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் சொல்லி, ஹாக்கா ஒப்புதல் உங்கள் வேலைக்குத் தேவையா என்று முதல் நாளே கேளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை நகரங்களில் கட்டடத்தின் தோற்றத்தையும் அழகியலையும் பார்க்கும் 'ஏஏஏ கமிட்டி' என்ற குழுவும் உண்டு. உங்கள் வேலை அங்கே போக வேண்டியதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு தனிச் சிக்கல். கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களை மக்கள் 'செக்ஷன் 17' என்றே சொல்கிறார்கள். தலைமுறையாகக் குடியிருந்தாலும் பட்டா கையில் இல்லாததால், புதுக் கட்டுமானத்துக்கு விண்ணப்பிக்க அடிப்படை ஆவணமே இல்லாமல் போகிறது. அந்த மக்களின் கஷ்டம் நியாயமானது, தீர்க்கப்பட வேண்டியது. ஆனால் 'எல்லாரும் கட்டுறாங்க' என்று கடன் வாங்கிக் கட்டிய அறைக்கு மின் இணைப்பு கிடைக்காமல் நிற்பது இன்னொரு கஷ்டம். இங்கே வாழத் தகுதியாகப் பழுதுபார்ப்பதற்கு மேல் போகும் முன் வருவாய்த் துறை, வனத்துறை இரண்டிடமும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் சீகூர் யானை வழித்தடம் வருகிறது. 2020 அக்டோபரில் அதை வழித்தடமாக அரசு அறிவித்ததை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அங்கே ஒரு அறை கூட்டுவதும் வழித்தடக் கேள்வியாகிவிடும்.

மூன்றாம் படி: காகிதங்கள்

கிரயப் பத்திரமும் மூலப் பத்திரமும், பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம், நகர நிலமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டுச் சான்று, வில்லங்கச் சான்று, நடப்பு ஆண்டு வரை கட்டிய சொத்து வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகள், மின் கட்டண அட்டை. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்றால், அனுமதி விண்ணப்பத்துக்கு முன் பெயர் மாற்றத்தை முடியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்குதாரர்களின் சம்மதமும் வேண்டும். அண்ணன் தம்பி வெளியூரில் இருந்தால் இதற்கே மாதக்கணக்காகும்.

எல்லோரும் தவறவிடும் ஒரு காகிதம் உண்டு: வீடு முதலில் கட்டப்பட்டபோது வாங்கிய அனுமதி வரைபடம். வீட்டுவரி கட்டுவதே அனுமதி இருப்பதற்குச் சான்று என்று பலர் நம்புகிறார்கள். அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி விதிப்பார்கள். ரசீது கட்டடத்தைச் சட்டப்படியானது ஆக்காது. பழைய அனுமதி வீட்டில் இல்லையென்றால் உள்ளாட்சியில் நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். இப்போது நீங்கள் கூட்ட நினைக்கும் அறை பழைய அனுமதிக்குள் அடங்குகிறதா, அதற்கு முன்பே யாராவது அனுமதிக்கு மேல் கட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் தெரியும். வாங்கிய வீடாக இருந்தால் இதைப் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

நான்காம் படி: வரைபடம்

அரசிடம் பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டட வரைவாளர் கையெழுத்திட்ட வரைபடம் வேண்டும். கோவையிலிருந்து ஒருவர் வந்து ஒரே நாளில் போட்டுத் தந்துவிடலாம். ஆனால் அவர் சரிவை அளந்தாரா என்று பாருங்கள். சமதள மனைக்குப் போடுவதுபோல மேலிருந்து பார்த்த படம் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மலை மனைக்கு வரைபடத்தில் இவை இருக்க வேண்டும்: மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை நில மட்ட வித்தியாசம் தெரியும் குறுக்குவெட்டு, எங்கே எவ்வளவு மண் வெட்டப்படுகிறது, அது எங்கே போகிறது, தடுப்புச் சுவரின் உயரமும் தடிமனும், மழைநீர் இறங்கும் வழி, செப்டிக் டேங்க் இருக்கும் இடம், நிற்கும் மரங்கள், மேல்வீடும் கீழ்வீடும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது.

உயரத்துக்கு மலை நகரங்களில் 7 மீட்டர் வரம்பு, 1993ஆம் ஆண்டு மலை நகரக் கட்டட விதிகளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த எண். சரிவு மனையில் முன்பக்கம் இரண்டு மாடியாகவும் பின்பக்கம் ஒரு மாடியாகவும் தெரியும். எந்த மட்டத்திலிருந்து உயரம் அளக்கப்பட்டது என்பதை நான்கு பக்கத் தோற்றத்திலும் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேல் தளம் கட்ட ஆசைப்படுவோரின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி என்பது அதன் சாரம். ஈரோட்டிலோ திருப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர், "நான் ஒரே நாள்ல வாங்கிட்டேன்" என்று சொல்வார். அதைக் கேட்டு இங்கே பட்டனைத் தட்டாதீர்கள். அது கட்டடத்துக்கான அனுமதி முறை. மண் வெட்ட, மரம் வெட்ட, இயந்திரம் இறக்க அது அனுமதி ஆகாது. மலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள புல எண்ணுக்கு என்ன முறை என்று உள்ளாட்சியில் கேட்டுவிட்டே விண்ணப்பத்தைப் பதிவேற்றுங்கள்.

கட்டணம் எல்லாவற்றையும் இணையதளம் வழியாகவோ ரசீதுக்கோ மட்டும் கட்டுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இணையதளக் கணக்கின் கடவுச்சொல்லும் விண்ணப்ப எண்ணும் புரோக்கரிடம் இல்லாமல் உங்களிடம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: மண், மரம், இயந்திரம்

கட்டட அனுமதி கிடைத்துவிட்டது என்று ஜேசிபியை வரவழைப்பது இந்த மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் விபரீதம். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் போன்ற மண் அள்ளும் இயந்திரங்களைப் பயன்படுத்தவும், ஆழ்துளைக் கிணறு தோண்டவும் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி தனியாக வேண்டும். இயந்திரத்தைப் பறிமுதல் செய்தால் ஓட்டுநரும் வண்டிக்காரரும் மாட்டுவார்கள். வீட்டுக்காரர் மேலும் வழக்கு வரும். சிறிய வேலைக்கு ஆள் வைத்து மண்வெட்டியால் எடுப்பதே நல்லது. செலவு கூடினாலும் மண்ணின் நிலை மாறும்போது மனிதக் கண் பார்த்து நிறுத்தும். இயந்திரத்தின் வாளி அதைப் பார்ப்பதில்லை.

மரங்களுக்குத் தமிழ்நாடு மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம், 1955. பட்டா நிலத்தில் நீங்களே நட்ட சில்வர் ஓக், கற்பூர மரம், சைப்ரஸ் என்றாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. வீட்டின் மேல் சாய்ந்து உயிருக்கு ஆபத்தான மரம் என்றால் படத்தோடு வருவாய்க் கோட்டாட்சியருக்கும் வனத்துறைக்கும் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். வெட்டிய பிறகு அடிமரத்தையும் வேரையும் பிடுங்காதீர்கள். சரிவை அது இன்னும் சில ஆண்டுகள் பிடித்து வைத்திருக்கும். அது மக்குவதற்குள் அங்கே வேறு வேர் பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

துறைகளின் கள ஆய்வு நடக்கும் நாளில் நீங்களோ உங்கள் பொறியாளரோ இடத்தில் இருங்கள். எல்லைக் கற்களைத் தேடித் துப்புரவாக்கி வையுங்கள். வேளாண் பொறியியல் துறையினர் சரிவின் கோணம், மண் ஆழம், நீர் வடியும் பாதையைப் பார்ப்பார்கள். 2009இல் உங்கள் இடத்தில் என்ன நடந்தது, எங்கே ஊற்று கசியும், எந்த ஆண்டு விரிசல் விட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆய்வாளரை ஏமாற்றினால் காகிதம் கிடைத்துவிடலாம். சரிவை ஏமாற்ற முடியாது, அதன் கீழே தூங்கப்போவது உங்கள் பிள்ளைகள்.

ஆறாம் படி: நாள் குறிப்பது

மண் வேலைக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் காலம். கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. திறந்து போட்ட வெட்டு மழைக்குள் போகக்கூடாது. ஜனவரியில் கடைக்கால் தோண்ட வேண்டுமானால் பட்டா, பங்குதாரர் சம்மதம், வரைபடம் எல்லாவற்றையும் முந்தைய கோடையிலேயே தொடங்குங்கள். அனுமதி மே மாதக் கடைசியில் கிடைத்தால், கையில் அனுமதி இருக்கிறதே என்று அவசரப்படாமல் அடுத்த ஜனவரி வரை காத்திருங்கள். அனுமதிக் கடிதத்தில் காலாவதி தேதி இருக்கும். தேவைப்பட்டால் அது முடியும் முன் நீட்டிப்புக் கேளுங்கள்.

ஏழாம் படி: வேலை நடக்கும்போது செய்ய வேண்டிய ஆய்வுகள்

அனுமதிக் கடிதத்தின் நகலையும் வரைபடத்தையும் வேலை இடத்தில் மழைபடாமல் மாட்டி வையுங்கள். கட்டுமான இடத்தில் அனுமதி வரைபடத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. வேலை தொடங்குவதையும், அடித்தள மட்டம் வந்ததையும் உள்ளாட்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதிகாரி வருகிறாரோ இல்லையோ, கீழே சொல்லும் கட்டங்களில் உங்கள் பொறியாளர் வந்து பார்த்துத் தேதியோடு குறிப்பெழுதிக் கையெழுத்திடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தடுப்புச் சுவருக்குத்தான் முதல் கவனம். மண்ணை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டு மூன்று மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, அந்தத் துண்டில் சுவரை எழுப்பிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வெட்டின் மேல் விளிம்புக்கு மேலே, நீர் உள்ளே இறங்காமல் ஓரமாகத் திருப்பிவிடும் கால்வாயை முதலில் வெட்டுங்கள். வெட்டுக்கு மேலே பழைய சுவரோ தொட்டியோ கட்டடமோ இருந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கவோ இறக்கவோ ஏற்பாடு செய்யாமல் கீழே ஆளை இறக்காதீர்கள். மேல் விளிம்பில் மண்ணையும் கல்லையும் குவிக்காதீர்கள். புதிய விரிசல், திடீர்க் கசிவு, சின்னச் சின்னக் கற்கள் உருள்வது, இதில் எது தெரிந்தாலும் வேலை நிற்க வேண்டும். கூலி போகிறதே என்று நினைக்கும் நேரம் அதுவல்ல.

சுவரைப் பின்னால் மூடும் முன் ஓர் ஆய்வு கட்டாயம். பின்பக்கம் சல்லி வடிகட்டி இருக்கிறதா, நீர் வெளியேறும் குழாய்கள் மூன்று நான்கு அங்குல அளவில், ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால் அதன்மேல் வரும் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். நம் ஊரில் விழுந்த தடுப்புச் சுவர்களைப் போய்ப் பாருங்கள். பலவற்றில் குழாயே இருக்காது, அல்லது சிமென்ட் பூசி அடைத்திருப்பார்கள். மலைப் பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 14458 இருக்கிறது. உங்கள் பொறியாளர் அதைப் பார்த்து வடிவமைத்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகும் சுவரை மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

அடித்தளக் குழியில் கான்கிரீட் போடும் முன் குழியின் அடி மண்ணைப் பாருங்கள். முன்பு யாரோ கொட்டி நிரவிய மண்ணாக இருந்தால், சமதளமாகத் தெரிவதாலேயே அதில் கடைக்கால் வைக்கத் தோன்றும். கெட்டியான இயல்பு மண் வரும் வரை இறங்க வேண்டும். உடைந்த ஓடு, பிளாஸ்டிக், கருத்த மேல்மண் எதாவது குழியின் அடியில் தெரிந்தால் இன்னும் இறங்குங்கள்.

தளக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடும் முன், இன்னோர் ஆய்வு. அதன்பின் நம் குளிருக்கென்று ஒரு விதி. கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரநிலை, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை 7 நாளிலும், அதற்கு மேல் என்றால் 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது. அந்தக் கணக்கு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. ஊட்டியில் ஜனவரி இரவு எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியும். உறைபனிக் காலத்தில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். பலகை வாடகை ஏறுகிறது என்று மேஸ்திரி முட்டுகளைப் பிரிக்க வருவார். பொறியாளர் எழுதித் தராமல் பிரிக்க விடாதீர்கள். புதிய தளத்தை இரவில் சாக்கால் மூடி வையுங்கள்.

வெட்டிய மண் எங்கே போகிறது என்பதையும் வேலை முழுவதும் கண்காணியுங்கள். ஓடைக்குள்ளோ, சரிவின் விளிம்பிலோ, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்திலோ தள்ளிவிட்டால் அடுத்த மழையில் அது கீழ்வீட்டுக்குப் போகும், பொறுப்பும் உங்கள் மேல் வரும்.

எட்டாம் படி: கழிவுநீரும் மின்சாரமும்

புதிதாகக் குளியலறை கூட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் வேலை. அறை சின்னது, அதிலிருந்து தினமும் வெளியேறும் நீர் சின்னதல்ல. உறிஞ்சு குழியைத் தடுப்புச் சுவரின் தலைக்கு மேல் வைத்தால், மழையில்லா நாளிலும் சுவரின் பின்னால் மழை பெய்வதற்குச் சமம். செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் சுவர்களிலிருந்தும் ஊற்றிலிருந்தும் தள்ளி, வாகனம் வந்து உறிஞ்ச வசதியாக இருக்க வேண்டும். குழாய்களைப் பூச்சுக்குள் மூடும் முன் நீர் நிரப்பி அழுத்தம் பாருங்கள்.

மின் வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை வாங்குங்கள். ஈரப்பதம் சுவரிலேயே குடியிருக்கும் ஊரில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு துண்டிப்பான் இல்லாமல் கீசர் போடக்கூடாது. கூடுதல் பளு ஏறினால் மின்வாரியத்தில் தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்கு வீட்டு இணைப்பிலிருந்தே வயர் இழுக்காமல் தற்காலிக இணைப்புக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: முடிந்தபின்

கட்டியதும் வரைபடமும் ஒத்திருக்கிறதா என்று பொறியாளரை அளக்கச் சொல்லி, முடிவுற்ற கட்டட வரைபடம் ஒன்று வாங்குங்கள். உங்கள் வேலைக்குக் கட்டட நிறைவுச் சான்று தேவையா என்பது அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் இருக்கும். தேவையென்றால் அதை வாங்காமல் புதிய மின், குடிநீர் இணைப்பு கிடைக்காது. மேலே சொன்ன 2024 டிசம்பர் தீர்ப்பும் இதையே வலியுறுத்துகிறது. பிறகு சொத்து வரியில் கூடிய பரப்பை நீங்களே காட்டிவிடுங்கள்.

மேம்படுத்திய வீட்டை சீசனுக்கு ரூம் விட நினைத்தால் அது பயன்பாட்டு மாற்றம். வீட்டுக்கான 1ஏ மின் கட்டணப் பிரிவு வணிகத்துக்கான 5ஆம் பிரிவாக மாறும். சொத்து வரி மாறும். காட்டேஜ், ஹோம்ஸ்டே பதிவு தனியாக வேண்டும். வீட்டு அனுமதியை வைத்துக்கொண்டு ரூம் விட்டவர்களின் கட்டடங்கள் சீல் வைக்கப்பட்டதை நீலகிரி, கொடைக்கானல் இரண்டு மலைகளிலும் பார்த்துவிட்டோம்.

ஏற்கெனவே அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால்

முதலில் அதன்மேல் இன்னொரு வேலையைத் தொடங்காதீர்கள். பொறியாளரை வைத்து, கட்டியது விதிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்குமானால் திருத்திய வரைபடத்தோடு விண்ணப்பிக்க வழி கேளுங்கள். உயரமோ எல்லையோ மீறியிருந்தால், மீறிய பகுதியை மட்டும் நீங்களே எடுத்துவிட்டு மீதிக்கு விண்ணப்பிப்பது, முழுக் கட்டடத்துக்கும் சீல் விழுவதைவிடச் செலவு குறைவு.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்கீழ் நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். கதவில் ஒட்டிவிட்டாலும் கொடுத்ததாகவே கணக்கு. வந்த தேதியை உறையிலேயே எழுதி வையுங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பழைய அனுமதி, புகைப்படங்கள், பொறியாளரின் ஆய்வுக் குறிப்புகளோடு எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. பொது வழி, நீர்நிலை, ரயில் பாதை ஓரம் போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேல்முறையீட்டுக்கும் நாள் வரம்பு உண்டு. ஆகவே நோட்டீஸ் வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களும், பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும் ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம்.